தொண்ணூறு றாத்தல் பையன்கள்

பையன்கள் பந்து உதைப்பதற்கு இரண்டு கமிட்டி எதற்கு என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பந்து ஒன்று. மைதானமும் ஒன்று, அதிலும் வருஷத்தில் பாதி நாள் சேறு. ஆனாலும் முப்பதுகளின் தொடக்கத்தில் பெல்மதுளைப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு கமிட்டி இருந்தது. ஒன்று சரி என்றால் மற்றது கூடாது என்னும். இரண்டிலும் எழுத்து வேலை என்னுடையது. தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புவதும், பெண்கள் பறித்துவரும் கொழுந்தை நிறுத்து எழுதுவதும் என் தொழில். கையெழுத்து அழகு என்று நாலு பேர் சொல்லிவிட்டால் போதும், என் தலையில் எதையும் கட்டிவிடலாம். அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன்.

முதலில் இருந்தது பசார் கமிட்டி. அதற்குத் தலைவர், கடைவீதியில் அரிசி, கருவாடு, துணி எல்லாம் விற்ற ஒரு முஸ்லிம் முதலாளி. அவருடைய மகன்கள் இருவருக்கும் பந்துப் பைத்தியம். அவர்களுக்காகக் கொழும்பிலிருந்து தோல் பந்து ஒன்று வரவழைத்தார். பந்து வந்த பிறகுதான் எதிர்த்து ஆட ஆள் வேண்டுமே என்று அவருக்குப் பட்டது. சுற்றியிருந்த நாலு தோட்டங்களுக்கும் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஆட்டம் நடந்தது. சிங்களப் பள்ளிக்கூடத்து வாத்தியார் மாத்தயா விசில் ஊதினார். ஜெயிக்கிறவர்களுக்கு முதலாளி ஒரு வெள்ளிக் கோப்பை வைத்தார். வெள்ளி என்று அவர் சொன்னார், நாங்கள் உரசிப் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. பிறகு எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு சின்னத்துரை வந்தார். சீமையில் படித்த காலத்தில் பந்து ஆடியவராம். கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டதும் தோட்டத்துப் பையன்கள் ஓடிப்போய் ஆடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. துரைமார் கிளப்பில் பேசி இன்னொரு கமிட்டி வைத்தார். கிளப் கமிட்டியின் அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்துப் பையன் எவனும் எந்தப் போட்டியிலும் ஆடக்கூடாது என்று நாலு தோட்டத்துக்கும் கடிதம் போயிற்று. அதன் தமிழ்ப் பிரதி என் கையெழுத்து. மறுவாரமே பசார் கமிட்டி, எங்கள் கோப்பைக்கு ஆடுகிறவன் வேறு எவரிடமும் சீட்டு வாங்கியிருக்கக் கூடாது என்று பதில் கடிதம் போட்டது. அதுவும் என் கையெழுத்துத்தான்.

ஆக, சீட்டு வாங்கினால் பசாரில் ஆட முடியாது. வாங்காவிட்டால் தோட்டத்தில் தலைகாட்ட முடியாது. சீட்டு வாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஆடிவிட்டு வந்த மூன்று பையன்களை ஒரு மாதம் மைதானத்துப் பக்கமே வரக்கூடாது என்று கிளப் கமிட்டி தள்ளிவைத்தது. நல்ல வெயில் காலம் ஒன்று முழுக்க ஒருவரும் பந்தைத் தொடவில்லை. அது முதலாளியின் கடையில், உத்தரத்திலிருந்து கருவாட்டுக் கட்டுக்குப் பக்கத்தில் தொங்கியது. கடைக்குச் சாமான் வாங்கப் போகிற பையன்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார்கள். முதலாளிக்கே பார்க்கப் பொறுக்காமல்தான் சமாதானத்துக்கு ஆள் விட்டார் என்று நினைக்கிறேன்.

சமாதானப் பேச்சில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே புகார்தான் இருந்தது. பையன்கள் என்று சொல்லிக்கொண்டு மற்றவர்கள் மீசைக்காரர்களை இறக்குகிறார்கள். பிறப்புச் சீட்டைக் கேட்கலாம் என்றார் மாத்தயா. அவருக்கு எங்கள் ஆட்கள் குடியிருக்கும் லயங்களைத் தெரியாது. லயத்தில் ஒரு தாயிடம் மகனுடைய வயதைக் கேட்டால், வெள்ளத்தில் பாலம் அடித்துக்கொண்டு போன வருஷம் பிறந்தான் என்பாள், எந்தப் பாலம் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். அப்போது நான் மூக்கை நுழைத்தேன். வயதை விட்டுவிட்டு எடையைப் பார்க்கலாமே என்றேன். தொண்ணூறு றாத்தலுக்கு மேல் நிறுக்கிற எவனும் பையன் அல்ல. ஒவ்வொரு அணியும் தன் பையன்களைத் தன் தராசில் நிறுத்துப் பட்டியல் எழுதி, நிறுத்தவன் கையெழுத்துப் போட்டு இரண்டு கமிட்டிக்கும் அனுப்ப வேண்டும். யாரிடம் சீட்டு வாங்குவது என்ற வம்பே இல்லை. இரண்டு தலைவர்களும் என்னை மெச்சினார்கள். ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் படவில்லை.

எங்கள் தோட்டத்தில் நிறுத்தது நான்தான், ஒரு சனிக்கிழமை, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், அதே தராசில். தராசுக் கொக்கியில் ஒரு சாக்கை ஏணை மாதிரி கட்டித் தொங்கவிட்டேன். பையன்கள் ஒருவன்பின் ஒருவனாக ஏறி உட்கார்ந்தார்கள். முள்ளைப் பார்த்து, எண்ணைச் சொல்லி, எழுதினேன். நிறுவையில் என்னைக் குற்றம் சொல்ல ஆள் கிடையாது என்பது என் எண்ணம். அதைப் பலரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

அந்தப் பையன்களில் ஒருவன் இடது காலால் உதைப்பான். வயது பதினாலு இருக்கலாம். தகப்பன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான், தாய் கொழுந்து எடுக்கிறவள். மலையில் அவன் புல்லு வெட்டும்போது யாரும் அவனைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பந்து காலுக்கு வந்துவிட்டால் தோட்டத்துக் கங்காணிமார்கூட வெற்றிலையை மெல்லாமல் பார்ப்பார்கள். அவனுக்கு அது தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர அவனிடம் பெரிதாக வேறொன்றும் இருக்கவில்லை. அவனுடைய எடை என் பட்டியலில் எண்பத்தொன்பது.

கோப்பைக்கான கடைசி ஆட்டம் எங்களுக்கும் பசார் பையன்களுக்கும் நடந்தது. இரண்டு கோல் போட்டோம், இரண்டும் அவன் காலிலிருந்து. முதலாளியின் சின்ன மகன் மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதான். அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தகப்பனும் நியாயம் பேச முடியாது. முதலாளி அந்த இடதுகால்காரனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனார். அரிசி மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றினார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போய் எட்டிப்பார்த்தோம். தொண்ணூற்று மூன்று.

"பட்டியல்ல எண்பத்தொம்பது ஈக்கிது. இங்க தொண்ணூத்தி மூணு காட்டுது. நீங்களே செல்லுங்க கணக்கப்பிள்ள, இது எப்பிடி?" என்றார் முதலாளி.

என் தராசு பொய் சொல்லாது, அவருடைய தராசும் சரியானதுதான். மிச்சம் இருந்தது பையன் ஒருவன். தொங்குகிற சாக்கில் உட்காரும்போது காலைக் கம்பத்தில் ஊன்றி எடையைக் குறைத்திருப்பான் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். நீங்கள் பார்த்தீர்களா என்று என்னைக் கேட்டார்கள். கவனிக்கவில்லை என்றேன்.

அந்த வாரமே இரண்டு கமிட்டியும் தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்லின. எடை கூடினவனை இறக்கியதால் கோப்பை பசாருக்கு என்றது பசார் கமிட்டி. கடைத் தராசில் நிறுத்ததற்குத் தங்கள் அனுமதி இல்லை, ஆகவே கோப்பை தோட்டத்துக்கே என்றது கிளப் கமிட்டி. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒத்துப்போயின. அந்தப் பையன் தராசை ஏமாற்றினான், அவன் இனி ஒருநாளும் எந்தப் போட்டியிலும் ஆடக்கூடாது. எடைச் சட்டத்துக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போனது அதில்தான். இரண்டையும் நான் நல்ல மையில் எழுதினேன்.

அவனைக் கூப்பிட்டு ஏசவும் செய்தேன். தோட்டத்து மானத்தை வாங்கிவிட்டாயே என்றேன்.

"நான் கால ஊணலீங்க ஐயா. கையக்கூட மடியிலதான் வச்சிருந்தேன்" என்றான். அதையே இரண்டு தரம் சொன்னான். போ போ என்று துரத்தினேன்.

நாலைந்து நாள் கழித்து ஒரு மத்தியான நிறுவையில், வழக்கம்போல் ஒரு கூடையை மாட்டி முள்ளைப் பார்த்து, "இருபத்தி ரெண்டு, நாலு போக பதினெட்டு" என்றேன். சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். என் வாய் சொன்னதை என் காது அன்றைக்குத்தான் கேட்டது.

கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்று இரண்டு றாத்தல் கழிக்க வேண்டும் என்பது தோட்டத்து உத்தரவு. நான் நாலு கழிப்பேன். நான் மட்டுமல்ல, எனக்குத் தெரிந்த கணக்கப்பிள்ளைமார் எல்லோரும் ஏதாவது கூடக் கழிப்பவர்கள்தான். சப்பிரகமுவ மழையில் கொழுந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டு வரும். பேக்டரிக்குப் போய்ச் சேரும்போது எடை இறங்கும். இறங்கினால் ஏச்சு எங்களுக்கு. அதனால் முன்கூட்டியே கையில் கொஞ்சம் வைத்துக்கொள்வோம். மழை நாளில் தொடங்கிய பழக்கம் வெயில் நாளிலும் நிலைத்துவிட்டது. முள்ளைப் பார்த்தால் நாலைக் கழித்துச் சொல்வது எனக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை சாக்கில் உட்கார்ந்த பையன்களுக்கும் அப்படியே கழித்திருக்கிறேன். ஒவ்வொருவனுக்கும் நாலு. மற்றவர்கள் சின்ன எலும்புக்காரர்கள், கழித்தாலும் கழிக்காவிட்டாலும் உள்ளேதான் இருந்தார்கள். இவன் ஒருவனுக்குத்தான் அந்த நாலு றாத்தல் குறுக்கே வந்தது.

உடனே போய்ச் சொன்னேன் என்று எழுத எனக்கு ஆசைதான். சொல்லவில்லை. சொன்னால் நாலு என்று சொல்ல வேண்டும். சின்னத்துரை காதில் நாலு விழுந்தால் உத்தரவு இரண்டல்லவா என்று கேட்பார். பிறகு என் வேலை என்னிடம் இருக்குமா என்பது நிச்சயமில்லை. பையன்தானே, அடுத்த வருஷம் வளர்ந்துவிட்டால் எப்படியும் ஆட முடியாது, என்ன பெரிய நஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போகிற வழியில் அவன் தண்ணீர்க் கானோரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

ஒருநாள் சாயங்கால நிறுவையில் அவன் தாய், கூடையை வெறுமையாக்கிய பிறகும் போகாமல் நின்றாள்.

"என்ன?" என்றேன்.

"ஐயா, லயத்துப் புள்ளைங்க என் மகனத் தராசுக் கள்ளன்னு கூப்புடுதுங்க. அவன் சோறு தின்ன மாட்டேங்குறான். அவன் அப்படிச் செய்றவன் இல்லீங்க. பெரியவங்க இருக்குற எடத்துல நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க."

தராசுக் கள்ளன். பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கோப்பை விவகாரத்தை முடிக்க இரண்டு கமிட்டியும் ஒன்றாகக் கூட வேண்டியிருந்தது. எங்கே கூடுவது என்பதிலேயே இரண்டு வாரம் போயிற்று. கிளப்பில் முதலாளிக்கு முன்வாசல் கிடையாது. பின்வாசலால் வரமாட்டேன் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். கருவாட்டு வாடையில் உட்கார முடியாது என்று சின்னத்துரை கடைக்கு வர மறுத்தார். கடைசியில் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். அங்கே இருந்தது சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகள். பெரிய மனிதர்கள் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து ஒழுங்குவிதிகளைப் பற்றிப் பேசினார்கள். பையன் சன்னலுக்கு வெளியே நின்றான். அவனைக் கூப்பிட்டிருந்தார்கள், ஆனால் உள்ளே வரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

கோப்பையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, அவனுடைய தடையை உறுதி செய்கிறோம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். நான் பேனாவைக் கீழே வைத்தேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"பையன் மேல குத்தம் இல்ல தொரை. நிறுக்கும்போது நான்தான் பழக்கத்துல கழிச்சு எழுதிட்டேன்."

சின்னத்துரை தோட்டத்துக்கு வந்து கற்றுக்கொண்ட தமிழில் கேட்டார். "எத்தனை கழிச்சது?"

"நாலு."

"ஆர்டர் எத்தனை?"

"ரெண்டு, தொரை."

முதலாளி தொண்டையைச் செருமினார். "சாக்குக்கெண்டு நாங்களும் கடையில கொஞ்சம் கழிக்கிறதுதானே. கை தானாப் போகும்" என்றார். அவர் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாரோ, தன் கடைக் கதையும் கிளம்பிவிடுமோ என்று சொன்னாரோ தெரியாது. சின்னத்துரை அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கூடுதலாகக் கழித்த கொழுந்து கூலியில்லாமல் பேக்டரிக்குள்தான் போகிறது என்பது அவருக்கும் தெரியாததல்ல. மறுநாளும் பிரட்டில் என் பெயர் இருந்தது.

பிறகு எல்லாம் சுருக்காக முடிந்தது. ஆட்டத்தை மறுபடி ஆடுவது, பையன் எடை கூடினவன் ஆதலால் அதில் ஆட முடியாது, ஆனால் அவன் ஏமாற்றவில்லை, தடை நீக்கப்படுகிறது, வளர்ந்தவர்களின் அணியில் அவன் ஆடலாம். இனிமேல் நிறுக்கும்போது எந்தக் கழிவும் கூடாது. இரண்டு தலைவர்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது எனக்கு. வெளியே போய் அவனிடம் தாளைக் காட்டினேன். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன்.

"நா கள்ளன் இல்லன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"இனி நிறுக்கும்போது கழிக்க மாட்டீங்களா ஐயா?"

"கழிக்க மாட்டேன். ரெண்டு கமிட்டியும் கையெழுத்துப் போட்டாச்சு, தொரையே போட்டாரு" என்றேன், இருந்த சந்தோஷத்தில். அவன் லயத்தைப் பார்த்து ஓடினான். பந்து இல்லாமலேயே அவ்வளவு வேகம்.

மறுநாள் மத்தியானம் மடுவத்தில் பெண்கள் வழக்கத்துக்கு மாறாகப் பேச்சில்லாமல் வரிசையில் நின்றார்கள். முன்னால் அவன் தாய். அவளே கூடையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முள்ளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"இருபத்தி நாலு, நாலு போக..."

"ஐயா" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "இனிமே கழிக்கக் கூடாதுன்னு நேத்துத் தொரை கையெழுத்துப் போட்டாங்களாமே. எம் மகன் வந்து சொன்னான்."

முதலில் எனக்கு விளங்கவில்லை. பையன் நேற்று எதைக் கேட்டான், நான் எதற்குச் சரி என்றேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவனுக்கு நிறுவை என்றால் தாயுடைய கூடை. வேறு எதைக் கேட்பான். எடை இறங்கினால் எங்களை ஏசுகிற பேக்டரிக் கிளாக்கர் ஏடும் கையுமாகப் பக்கத்தில் நின்றார். வரிசை முழுவதும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அது பந்து ஆடுற பையங்களுக்குப் போட்ட சட்டம்" என்றேன். "கொழுந்துக்கு இல்ல."

அவள் கூடையைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். கோபம் இல்லை.

"லயத்துல எல்லாரும் சிரிச்சாங்க, அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்கன்னு. நாந்தான் நம்பிட்டேன்" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. முந்தின நாள் பெரிய உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படுத்தவன் நான். இரண்டைக் கழித்தாவது எழுதியிருக்கலாம். உத்தரவே இரண்டுதான், யாரும் என்னை ஒன்றும் கேட்டிருக்க முடியாது. கிளாக்கர் நிற்கிறார் என்பது ஒன்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் பெயருக்கு நேரே இருபது என்று எழுதிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டேன்.